வெந்நீர்க் கணக்கு

ராமேஸ்வரம் பஸ்ஸில் வழுதூர் வந்தால் போதும், பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவேன். அங்குள்ள மின்நிலையத்தில் எரிவாயு டர்பைன் கக்கும் சூட்டில் நீராவி எழுப்பி இன்னொரு டர்பைனையும் சுற்றுகிறார்கள். முதல் அலகின் 95 மெகாவாட்டில் 35 அந்தச் சூடு தந்தது. அதையே ஒரு கட்டடத்துக்குள் செய்தால் கரண்ட், வெந்நீர், ஏசி மூன்றும் ஒரே எரிபொருளில். கேட்டவர்கள் பெரும்பாலும் உச்சிப்புளிக்குள் தூங்கிவிடுவார்கள்.

ராமேஸ்வரத்தில் மச்சானின் லாட்ஜில் என் பாச்சா பலித்தது. அங்கே டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. லிட்டருக்குப் பத்து யூனிட் அளவு சக்தி, கரண்டாக வருவது மூன்று, மூன்றரை. மிச்சம் புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் போகிறது. "அந்தச் சூட்டுல வெந்நீர் போடலாம், விடக்கூடாது மச்சான்" என்று எக்செல் போட்டேன். போட்ட முதல் இரண்டே வருஷத்தில் கைக்கு வந்துவிடும் என்றது.

லாட்ஜில் வெந்நீர் வாளி தூக்கும் பெரியவர்தான் கேட்டார்: "கரண்டு போனாத்தான தம்பி இதை ஓட்டுவோம்? கரண்டு இருக்கறப்ப வெந்நி எங்கிட்டிருந்து வரும்?"

ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடும் என்று போட்டிருந்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் கணக்கிலிருந்து எடுத்த எண் அது. வெந்நீருக்காகவே இன்ஜினை ஓட்டலாம் என்றால், டீசல் கரண்ட் யூனிட் முப்பது ரூபாயைத் தொடும். வாரியக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வெந்நீர் கேட்பதோ விடியற்காலை நாலு மணிக்கு, ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு ஓடுகிறவர்கள். கரண்ட் போவது மத்தியானம். அதுவும் அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தத்தையும் தலையில் ஊற்றிக்கொள்ள வந்தவர்களுக்கு வெந்நீர் விற்கப் பார்த்தவன் நான்.

அதோடு நிறுத்தவில்லை. சூட்டிலிருந்து குளிர் எடுக்கலாமே என்று பாம்பனில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் நண்பரிடம் லித்தியம் புரோமைடு இயந்திரத்தைப் பற்றி அளந்தேன். அவர் உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து ஐஸ் டப்பா ஒன்றைத் தூக்கிவிட்டு, "அதுல குளிர வைக்கிறதே தண்ணிதானப்பா. பூஜ்யத்துல அதுவே உறைஞ்சிரும், எனக்கு எப்படி ஐஸ் போடும்? ஏசிக்கு வச்சுக்க. ஐஸுக்கு அம்மோனியா வேணும்" என்றார். நான் படித்தது இன்ஜினியரிங்.

மச்சான் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்துவிட்டார், என்னைக் கேட்காமலே. ஐப்பசி மழையில் தண்ணீர் சுடவில்லை என்று போன் செய்தார். "ஜெனரேட்டர்லேர்ந்து ஒரே ஒரு பைப்பு மச்சான்..." என்றேன். லைன் கட்டாகிவிட்டது.