பதினைந்து நிமிடம் போதும்

செபராங் ஜெயாவில் பறவை பார்க்கப் பறவைப் பூங்காவை விட்டால் வேறு இடம் உண்டா?
1988-இல் திறந்த அந்தப் பூங்கா பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். அங்கே பறவை உங்களுக்காகக் காத்திருக்கும். வெளியே வந்தால் நீங்கள்தான் காத்திருக்க வேண்டும், சுகமே அதில்தான். காரை வடக்கே விடுங்கள். ஆயர் ஹீத்தாம் டாலாம் காட்டில் சதுப்புநிலப் பித்தா இருக்கிறது. தமிழகத்து ஆறுமணிக்குருவிக்கு உறவு. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் சேற்றுக்கரைக்கு, செப்டம்பர் தொடங்கி உள்ளான்கள் வடக்கிலிருந்து வந்து இறங்கும். அவற்றோடு ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் குஞ்சு பொரிக்கும் நார்ட்மன் பச்சைக்காலியும் வரும். உலகில் மிஞ்சியிருப்பவை சுமார் 2,000 என்கிறார்கள். நீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். பறவைகள் கரையோரம் ஒதுங்கும்.

எங்கள் நெல்வயலில் கூட்டங்கூட்டமாக நாரைகள். சின்ன வயதில் பார்த்ததில்லையே?
பார்த்திருக்க முடியாது. நத்தைக்குத்தி நாரை இந்த நூற்றாண்டில்தான் தாய்லாந்துப் பக்கமிருந்து இங்கே பரவியது. வேடந்தாங்கலில் கூடு கட்டுவதும் இதே இனம்தான். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நாற்றைத் தின்னும் கோண்டாங் நத்தைதான் இதற்கு விருந்து. விவசாயி சம்பளம் தராத வேலையாள்; விரட்டாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?
இங்கே பெரிய லென்ஸ், அங்கே நோட்டுப் புத்தகம். இங்கும் கணக்கெடுப்பவர்கள் உண்டு: மலேசிய இயற்கைக் கழகம் 1940 முதல் இருக்கிறது, ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பழகியவர்களின் வேலை. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகூட வீட்டு வாசலில் நின்று எண்ணுகிறது. சிவகங்கையில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், சரணாலயப் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நமக்கு வேண்டியது அந்த ஊர்ப்பாசம். கேமரா பிறகு வரட்டும்.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா?
கூடு கட்டும் காலத்தில் கூடவே கூடாது. எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் சண்டைக்கு வரும்.

தாமானில் மைனாவும் காக்கையும்தான். இதை எண்ணி என்ன ஆகப்போகிறது?
இன்று மலிந்த பறவை நாளைக்குக் குறைந்தால், இன்றைய கணக்கு இருந்தால்தானே தெரியும்? அவசியம் எண்ணுங்கள்.

பொங்கலன்று சமைப்பதா, எண்ணுவதா?
இரண்டும்தான். பானையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், வாசலில் 15 நிமிடம் நில்லுங்கள். கண்டதையும் கேட்டதையும் எழுதி இ-பேர்ட் (eBird) இணையத்தளத்தில் ஏற்றுங்கள். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம், ஊகித்து எழுதாதீர்கள்.