‘இறுதியாக’ என்று எத்தனை முறை சொல்லலாம்?

ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அந்தப் பந்தல் பிரித்த கையோடு ஆகஸ்ட் 15 கிராம சபை. கொல்லிமலையில் மைக்செட்காரருக்கு மூச்சுவிட நேரம் இல்லாத பருவம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தேவனூர் நாட்டிலிருந்து, அத்தனையும் பேச்சைப் பற்றி. (சமவெளி வாசகர்களுக்கு: கொல்லிமலையில் நாடு என்றால் ஊராட்சி. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று ஒரே மலைமேல் பல நாடுகள். ஐ.நா. சபைக்கு இன்னும் தகவல் போகவில்லை.)

கேள்வி: போன கிராம சபையில் எங்கள் ஊர்க் குடிநீர் பற்றிப் பேசினேன். நல்ல கைதட்டல். குழாயில் இன்னும் காற்றுதான் வருகிறது. இந்த முறை என்ன எழுதிக்கொண்டு போவது?
— மகளிர் குழுத் தலைவி, தேவனூர் நாடு

கைதட்டலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற மாட்டார்களே அம்மா! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கி, டீ டம்ளரும் கழுவியான பிறகு மிஞ்சுவது அந்தப் புத்தகத்தில் ஏறிய வரி மட்டும்தான். அதனால் பேச்சை வாலிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முதலில் தீர்மான வாசகம். எந்த ஊர், எந்தத் தொட்டி, என்ன பழுது, யார் சரிசெய்ய வேண்டும், எந்த மாதத்துக்குள். இத்தனையும் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் உங்களுக்கே என்ன வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

அதை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்ல வருபவை. ‘குடிநீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது’ என்று பேசினால் அதிகாரி தலையாட்டுவார். அவர் போகிற எல்லா ஊரிலும் அது தலைவிரித்துத்தான் ஆடுகிறது. ‘விடிகாலை நாலரைக்கு எழுந்து ஊற்றுக்குப் போறோம், ரெண்டு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகுது, பிள்ளைங்க பஸ்ஸை விட்டுடுறாங்க’ என்று சொல்லிப் பாருங்கள். இதற்குத் தலையாட்ட முடியாது, பதில்தான் சொல்ல வேண்டும். எத்தனை வீடு, எந்த மாதத்திலிருந்து, இப்போது என்ன செய்கிறீர்கள் என்ற மூன்று விவரமும் இருந்தால் போதும். நான்காவதாக ஒன்று தோன்றினால் அடுத்த கிராம சபைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கையும் ரேஷன் கடையையும் இதே பேச்சில் ஏற்றினால், எழுதுகிறவர் ‘பல்வேறு கோரிக்கைகள் வைக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கம் செய்துவிடுவார்.

பேச்சின் கடைசிப் பகுதிக்கு மைக் வேண்டாம். ‘எழுதியாச்சுங்களா? ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.’ அதைக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: அண்ணா மாதிரி அடுக்குமொழியில் பேச ஆசை. என்ன பயிற்சி எடுக்கலாம்?
— கல்லூரி மாணவர்

அடுக்குவதற்குப் பயிற்சி எளிது தம்பி, நிறுத்துவதற்குத்தான் பயிற்சி வேண்டும். மிளகு விலையைப் பற்றிப் பேச எழுந்து, மிளகுக்கு மோனை தேடி மிதிலைக்குப் போய், அங்கே வில் முறிந்து, கல்யாணம் முடிந்து, காட்டுக்கும் போய்த் திரும்புவதற்குள் மிளகு மூட்டை அடிவாரத்தில் காரவள்ளியிலேயே கிடக்கும்.

அண்ணாவிடம் கற்க வேண்டியது வேறு. 1962-இல் மாநிலங்களவையில் அவர் பேசிய முதல் பேச்சு ஆங்கிலத்தில். தமிழ் எதுகை அங்கே ஒரு பைசாவுக்குப் பெறாது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அவர் கருத்துக்கு நேர் எதிரானவர்கள். அங்கே அவர் நம்பி இறங்கியது வாதத்தை. 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, முதலமைச்சரான அவர் முத்தாய்ப்பாக வைத்தது ஒரே சொல். ‘தமிழ்நாடு’ என்று மூன்று முறை சொன்னார். அவை மூன்று முறையும் ‘வாழ்க’ என்றது. அவ்வளவு பெரிய சொற்கிடங்கை வைத்துக்கொண்டு அன்றைக்கு அதைத் திறக்காமல் விட்டார் பாருங்கள், அங்கேதான் பேச்சாளர் தெரிகிறார். அங்கேயும் பேச்சு போய் நின்றது ஒரு தீர்மானத்தில் என்பதை மேலே உள்ள அம்மாவும் கவனிக்கலாம்.

கேள்வி: வல்வில் ஓரி பற்றிப் பேச்சுப் போட்டி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததை எனக்கு முன்னால் பேசும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் என்ன சொல்வது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி

நல்ல கேள்வி கண்ணு. அந்த உடும்பு ஒவ்வோர் ஆடியிலும் எத்தனை முறை சாகும்? அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்.

அந்த அம்பு வருவது வன்பரணர் பாடிய புறநானூறு 152-ஆம் பாட்டில். பேச்சாளர்கள் அம்போடு எழுந்து போய்விடுகிறார்கள். பாட்டின் பின்பாதியை ஆள் இல்லாத வீடு போல விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது. வறுமையோடு வந்த கலைஞர் கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. ஆள் பெரிய இடத்து ஆள் போல இருக்கிறது, ஆனால் யார் என்று தெரியாது. சரி, பாடித்தான் பார்ப்போமே என்று முழவு, யாழ் எல்லாம் எடுத்துப் பாடுகிறார்கள். பாட்டில் தலைவன் பெயர் வரும் இடம் வந்ததும் அந்த வேட்டுவன் வெட்கப்படுகிறான். அது அவன் பெயர்! அதன் பிறகு வேட்டையில் கிடைத்த மான்கறி, குடிக்க மது, மலையில் விளைந்த பொன், மணி எல்லாம் வருகின்றன.

தன் புகழைத் தன் காதால் கேட்டு வெட்கப்பட்ட ஒரு சிறப்பு விருந்தினர்! பொன்னாடை தோளில் விழுவதற்குள் போட்டோக்காரர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கும்போது இதைச் சொல்லிப் பார். ‘கடையெழு வள்ளல்களில் ஒருவரான’ என்று தொடங்காதே. ‘காட்டில் ஒரு வேட்டுவன் நிற்கிறான், அவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை’ என்று தொடங்கு. அம்பைக் கடைசியில் ஒரே வரியில் எய்துவிடலாம்.

ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை முழுதாக மனப்பாடம் செய்யாதே. ஒரு சொல் நழுவினால் மொத்த மாலையும் உதிரும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் நடந்த கதையை உன் தோழிக்குச் சொல்வது போல வரிசையாகச் சொல்.

கேள்வி: மேடையில் இருப்பவர்களை எத்தனை ‘அவர்களே’ போட்டு அழைப்பது முறை?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த விருந்தினருக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருக்கும், ஐயா. வரவேற்புரைக்காரர் அழைப்பிதழை ஒருமுறை முழுதாக வாசித்தால் அந்தக் கடன் தீர்ந்தது. அடுத்து வருகிற ஆறு பேரும் அதையே திரும்ப வாசிப்பது எதற்கு? பதினெட்டு பேரைச் சொல்லிப் பத்தொன்பதாமவரை விட்டால் பொங்கல் வரை பகை. யாரையுமே சொல்லாமல் ‘அவையோருக்கு வணக்கம்’ என்றால் எல்லோருக்கும் சம அளவு வருத்தம். அது சமாளிக்கக்கூடிய அளவு.

கேள்வி: எங்கள் பேச்சு மலைப் பேச்சு. மைக் முன்னால் செந்தமிழ் வராது. கூச்சமாக இருக்கிறது.
— குச்சிக்கிழங்கு விவசாயி

பெரியார் மணிக்கணக்கில் பேசியது வீட்டுத் திண்ணைத் தமிழில். 94 வயதில், 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் வலியோடு பேசிய கடைசிப் பேச்சு வரைக்கும் அப்படித்தான். யாரும் அவரிடம் இலக்கணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

நீங்கள் கிழங்கு விலையைப் பற்றித்தான் பேசப் போகிறீர்கள். சேகோ ஆலையில் ‘பாயிண்ட்’ பார்த்து விலை போடுவது உங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மேடைக்காக அதை ‘மாவுச்சத்து விழுக்காட்டின் அடிப்படையில்’ என்று மாற்றினால் வியாபாரிக்கு மட்டும்தான் லாபம்: கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீங்கள் யாரைக் குறை சொல்கிறீர்கள் என்றே புரிந்திருக்காது.

கேள்வி: பேச்சால் உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறதா? இல்லை, சும்மா பொழுதுபோக்கா?
— டீக்கடைக்காரர்

1908 பிப்ரவரி, தூத்துக்குடி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மாலை தோறும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கேட்பவர்களில் கோரல் மில் தொழிலாளர்கள் நிறைய. மாத இறுதியில் மில் நின்றது. சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. மாலையில் பேசியது மறுநாள் காலை மில் வாசலில் தெரிந்தது என்றால் அதுதான் பேச்சு.

அந்தக் கூட்டங்களில் மிகவும் கவனமாகக் கேட்டவர்கள் போலீசார். குறிப்பு எடுத்துக்கொண்டே கேட்டார்கள். அந்தக் குறிப்புகள் வழக்கில் சாட்சியாக வந்தன. சிவாவுக்குப் பத்தாண்டு, வ.உ.சி.க்கு ராஜதுரோகத்துக்கு இருபது, சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னோர் இருபது என்று கீழ்க்கோர்ட்டு எழுதியது. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது என்றாலும், பேச்சு பொழுதுபோக்கு என்று அந்த நீதிபதி நினைக்கவில்லை. உங்கள் கடையில் பேசுகிறவர்களுக்கும் கணக்கு எழுதி வையுங்கள், டீக்காவது.

கேள்வி: செல்போனில் கேட்டால் நொடியில் பேச்சு எழுதித் தருகிறதே?
— இன்னொரு கல்லூரி மாணவர்

தருகிறது. அதில் கொல்லிமலையை அடித்துவிட்டு ஏற்காடு என்று போட்டுப் பாருங்கள். பேச்சு அப்படியே பொருந்தினால் இரண்டு மலைக்கும் அது வேண்டாம்.

கேள்வி: மேடை ஏறினால் கால் நடுங்குகிறது.
— பெயர் வேண்டாம்

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். அவையை அறிவதற்கும் அவைக்கு அஞ்சாமல் இருப்பதற்கும் தனித்தனியாக இரண்டு கொடுத்தார். அவருக்கே எதிரே இருப்பவர்கள்தான் பெரிய கவலையாக இருந்திருக்கிறது. தாளை உள்ளங்கை அளவுக்குக் கெட்டி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். முழுத்தாள் கையில் இருந்தால் உங்கள் நடுக்கத்தை அது கடைசி வரிசை வரை காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஒரு பேச்சில் ‘இறுதியாக’ என்று எத்தனை முறை சொல்லலாம்?
— பந்தல்காரர்

ஒரு முறை. அதைக் கேட்டதும் ஜனங்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது முறை சொல்வதற்குள் கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்பியிருப்பார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது எதிரே இருப்பது நீங்கள் மட்டும்தான், பந்தலைப் பிரிக்க.

கேள்வி: பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால்?
— மைக்செட் வைத்திருப்பவர்

மேடையை விட்டு இறங்கி முன்வரிசைக்கு வந்துவிடச் சொல்லுங்கள். மைக் இல்லாத தொண்டைக்கு ஏழெட்டு வாக்கியம்தான் தாங்கும். எதைச் சொல்ல வந்தாரோ அதை மட்டும் சொல்லுவார். பெரும்பாலும் அன்றைய நல்ல பேச்சு அதுதான். கரண்ட் திரும்பியதும் அவர் மறுபடி மேடை ஏறி ‘விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்’ என்று ஆரம்பித்தால், கூட்டம் லைன்மேனைத் திட்டும், கரண்ட் கொடுத்ததற்கு.