செங்கல் திரும்பி வந்தாலும் ரீஃபண்டு உண்டு

1995-இல் பியர் ஒமிடியார் என்ற புரோகிராமர், தான் புதிதாகத் தொடங்கிய ஏலத் தளத்தில் பழுதான லேசர் பாயின்ட்டர் ஒன்றை விற்பனைக்குப் போட்டார். பின்னாளில் ஈபே என்று பெயர் மாறிய தளம் அது. பாயின்ட்டர் 14.83 டாலருக்குப் போனது. ‘அது வேலை செய்யாது, தெரியும்தானே?’ என்று வாங்கியவரிடம் கேட்டாராம். ‘தெரியும், பழுதானவற்றைச் சேர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு’ என்று பதில் வந்ததாம். ஈபேயின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை. எனக்கும் பிடிக்கும். அதே மனிதர் இன்றைக்கு வாங்கியிருந்தால் பார்சலைப் பிரித்த கையோடு கேஸ் போட்டிருப்பார் என்பதுதான் என் சந்தேகம்: ‘பழுது என்று போட்டிருந்தது. பட்டனை அழுத்தினால் லேசாக மினுங்குகிறது. விவரித்தபடி பொருள் இல்லை.’ ஜெயித்தும் இருப்பார்.

ஈபேயில் பழைய பொருளை விற்பவர் ‘திரும்ப எடுக்க மாட்டேன்’ என்று கொட்டை எழுத்தில் போடலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். எழுதியவரின் மன ஆறுதலுக்கு அது. பொருள் போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள், ‘விவரித்தபடி இல்லை’ என்ற கட்டத்தில் வாங்கியவர் ஒரு டிக் அடித்தால் போதும், உங்கள் கொட்டை எழுத்து அம்பேல். அவர் திருப்பி அனுப்புவார், நீங்கள் பணத்தைத் திருப்பித் தருவீர்கள். வரும் பார்சலுக்கு வண்டிச் சத்தமும் உங்கள் தலையில்தான்.

ஒரு பழைய கேமரா லென்ஸை எடுத்துக்கொள்வோம். 50 எம்.எம்., பத்து வருஷம் உழைத்தது. நீங்கள் நாணயமான ஆள். முன்கண்ணாடியில் உள்ள மயிரிழைக் கீறலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுக்கிறீர்கள். சீரியல் நம்பர் தெரிய இன்னொரு படம். பின்மூடி கிடையாது என்று எழுதுகிறீர்கள். பபிள் ராப்பை மூன்று சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்புகிறீர்கள். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் வருகிறது மெசேஜ்: ‘உள்ளே பூஞ்சை.’ கூடவே ஒரு படம். அதே மாடல்தான். பூஞ்சையும் வலைப்பின்னல் மாதிரி அழகாகத் தெரிகிறது. சீரியல் நம்பர் பொறித்த வளையம் மட்டும் படத்துக்குள் வர மறுத்துவிட்டது. அந்த மகானிடம் ஏற்கெனவே பூஞ்சை பிடித்த லென்ஸ் ஒன்று இருந்திருக்கிறது என்பதை ஊகிக்க சி.பி.ஐ. தேவையில்லை. நல்லது அங்கே தங்கிவிடும், பூஞ்சை உங்களைத் தேடி வரும்.

இந்த வழக்கைத் தீர்க்கிறவர் லென்ஸைத் தொட்டவரும் இல்லை, பார்த்தவரும் இல்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் இத்தனை கேஸை மூட வேண்டும் என்பது அவர் கவலை. ‘உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது’ என்று ஆரம்பித்தால், தீர்ப்பு உங்களுக்கு எதிராக எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். அவர் நம்புகிற ஒரே சாட்சி டிராக்கிங். பார்சல் உங்கள் வாசலுக்கு வந்ததா? வந்தது. இரண்டு வேலை நாளுக்குள் பணத்தைக் கொடு. பெட்டிக்குள் இருப்பது லென்ஸா, செங்கல்லா, நேற்றைய பேப்பரில் சுற்றிய உருளைக்கிழங்கா என்று டிராக்கிங் நம்பருக்குத் தெரியாது. வேறு பொருள் வந்தால் புகார் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள் என்று அனுபவசாலிகளும் சொல்வார்கள். பெட்டிக்குள் செங்கல் இருந்ததை வீடியோ காட்டும். வைத்தது யார் என்று காட்டுமா?

பணம் பேபால் வழியாக வந்திருந்தால் இன்னும் விசேஷம். வாங்கியவர் தகராறு எழுப்ப 180 நாள் அவகாசம். அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, அன்னப்பிராசனம் முடிந்திருக்கும். ‘இந்தப் பொருள் சரியில்லையே’ என்று ஒரு மனிதருக்குத் தோன்ற அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது. விற்பவருக்கும் பேபாலில் பாதுகாப்பு உண்டு. பொருள் வந்தே சேரவில்லை, பணம் அனுப்பியது நானே இல்லை என்ற ரகப் புகார்களுக்கு அது குடை பிடிக்கும். ‘விவரித்தபடி இல்லை’ என்ற மழைக்கு மட்டும் பிடிக்காது. பெய்கிற மழை பெரும்பாலும் அதுதான்.

2012 ஜனவரியில் வெளிவந்த வயலின் கதையைக் கேட்டும் கோபம் வராதவர்கள் இருந்தால் அவர்கள் கஸ்டமர் கேரில் வேலைக்கு மனுப் போடலாம். ஒரு பெண் பழைய பிரெஞ்சு வயலின் ஒன்றைக் கனடாவில் உள்ள ஒருவருக்கு 2,500 டாலருக்கு விற்றார். உள்ளே ஒட்டியிருந்த லேபிள் உண்மையல்ல என்று வாங்கியவர் தகராறு செய்தார். பழைய வயலின்களில் லேபிள் சண்டை சகஜம், அதைத் தீர்க்கக் கைதேர்ந்த வயலின் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பேபால் அவர்கள் பக்கமே போகவில்லை. போலிப் பொருள், உடைத்துப் போடுங்கள், பணம் திரும்பக் கிடைக்கும் என்று வாங்கியவருக்குச் சொன்னது. அவரும் உடைத்தார். நொறுங்கிய வயலினைப் படம் எடுத்து விற்றவருக்கே அனுப்பினார். வயலினும் போச்சு, 2,500 டாலரும் போச்சு. இரண்டாம் உலகப் போரைத் தாண்டி வந்த வயலின் அது என்று அந்தப் பெண் சொன்னார். டாங்கிகளிடம் தப்பியது தகராறு தீர்க்கும் பிரிவிடம் தப்பவில்லை. ஊரெல்லாம் கொதித்தபோது நிறுவனம் காட்டியது தன் விதிமுறையை. எல்லாம் விதிப்படிதான் உடைந்திருக்கிறது.

சரி, இப்படிப்பட்டவரைப் பற்றி அடுத்த விற்பனையாளருக்கு எச்சரிக்கை எழுதி வைப்போம் என்றால், அதற்கும் 2008-லேயே பூட்டுப் போட்டாகிவிட்டது. அந்த வருஷம் முதல் ஈபேயில் விற்பவர், வாங்கியவரைப் பற்றி நல்லதாக மட்டுமே எழுத முடியும். மோசம் என்று எழுத பட்டனே இல்லை. உங்கள் வாயில் செங்கல்லை வைத்தவருக்கும் பாராட்டு ஒன்றுதான் பாக்கி.

விற்பவர்களில் திருடர்கள் இல்லையா? ஏராளம். அவர்களால்தான் இந்தக் கேரண்டிகள் பிறந்தன. பெரிய கடைக்காரருக்கு இது ஒரு செலவுக் கணக்கு. நூறில் இரண்டு பறிபோகும் என்று தெரிந்து மீதித் தொண்ணூற்றெட்டின் விலையில் ஏற்றிவிடுவார். வீட்டிலிருந்த ஒரே லென்ஸை விற்றவர் எதில் ஏற்றுவார்? இருவருக்கும் ஒரே விதி. ‘பணம் வாபஸ் உத்தரவாதம்’ என்று பேனர் கட்டுவது நிறுவனம், அதில் வரும் பணம் மட்டும் உங்களுடையது. அடுத்தவன் சட்டைப் பையில் கைவிட்டு அன்னதானம் செய்கிறவரை நம்மூரில் வள்ளல் என்று சொல்லமாட்டோம். பங்குச் சந்தையில் சொல்கிறார்கள்.

ஈபே 2018-லேயே இந்தியக் கடையைக் கட்டிவிட்டது, நமக்கென்ன என்று நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். இங்கே ஓ.எல்.எக்ஸ். மாதிரி விளம்பரத் தளங்களில் நடப்பது இருவருக்குள் நேரடி வியாபாரம். கேஸ் இல்லை, கேரண்டி இல்லை. வாங்குபவர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வருவார், அவ்வளவுதான். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டை வாட்ஸ்அப்பில் வரும். உங்கள் பழைய சோஃபாவுக்குக் கேட்ட விலையை அப்படியே ஒப்புக்கொள்வார். இந்த நாட்டில் பழைய சோஃபாவை ஒருவர் பேரம் பேசாமல் வாங்குகிறார் என்றால் அங்கேயே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். முதலில் நம்பிக்கைக்காகச் சில ரூபாய் போடுவார். பிறகு ஒரு கியூ.ஆர். கோடு: ‘ஸ்கேன் பண்ணுங்க சார், பணம் வந்துடும்.’ ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. 2021-இல் டெல்லி முதல்வரின் மகளே சோஃபா விற்கப் போய் இப்படித்தான் 34,000 ரூபாயைப் பறிகொடுத்தார். முதல்வர் வீட்டு சோஃபாவுக்கே இந்த கதி.

யூ.பி.ஐ. வந்தது 2016-இல். பணம் அனுப்புவதாகச் சொல்லிப் பணத்தைக் கறக்கக் கைகொடுத்த இன்னொரு வசதி, தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்கும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’. அது 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தம் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிவித்தது. ஒன்பது வருஷம்! திருடன் வரும் வழி என்று தெரிந்த கதவுக்குத் தாழ்ப்பாள் தேட ஒன்பது வருஷம். அதுவரை நமக்குக் கிடைத்தது ‘விழிப்புடன் இருங்கள்’ என்ற குறுஞ்செய்தி.

இதிலெல்லாம் சிக்காத கெட்டிக்காரருக்கு வேறொன்று காத்திருக்கிறது. பழைய போனை விற்றீர்கள், பணம் யூ.பி.ஐ.யில் வந்தது, வந்தவர் போய்விட்டார். சில வாரம் கழித்து உங்கள் கணக்கு முடக்கம். உங்களுக்கு வந்த காசு வேறு யாரிடமோ திருடியதாம். ஏதோ ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்திலிருந்து வங்கிக்குக் கடிதம். மேனேஜர் அந்த ஊரின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ‘அங்க பேசிக்குங்க சார்’ என்பார். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், முழுக் கணக்கையும் பூட்டாதீர்கள் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்பு கவுன்டர் வரை வந்து சேரவில்லை போலும். சம்பளம் உள்ளே கிடக்கும், பால்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-இல் வந்த மின் வணிக விதிகள், தொழிலாக இல்லாமல் தன் சொந்தப் பொருளை எப்போதோ விற்கும் தனிநபரைத் தம் எல்லையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. வியாபாரியின் கடமைகள் அவருக்கு வேண்டாம் என்பது நியாயம். கடமையைக் கழித்த பேனா, உரிமை என்று ஒரு வரி எழுதுவதற்குள் மை தீர்ந்துபோனதா என்பதுதான் கேள்வி.

தெருமுனைக் காயலான் கடைக்காரர் இத்தனைக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தராசில் அரைக் கிலோ அடிப்பார். அடிப்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அதைச் சொல்லி ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால் இருபது தருவார். பணம் ரொக்கம். ஆறு மாதம் கழித்துக் கதவைத் தட்டி, ‘நீங்க குடுத்த ஃபேன்ல காத்து விவரிச்சபடி வரல’ என்று அவர் கேட்டதில்லை.