இன்னா வேலைக்குன்னு சொல்லு மொதல்ல

வா நைனா, குந்து. லேப்டாப்பு வாங்கப் போறியாமே? எழுபதாயிரம் வேணும்னு வூட்டுல மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறியாமே? எதுக்குடா அம்மாம் பணம்னு கேட்டா, "ஐ7, 16 ஜிபி ராம், 144 ஹெர்ட்ஸ், ஆர்டிஎக்ஸ்"னு ஒரே மூச்சுல ஒப்பிக்கிற. இதெல்லாம் இன்னான்னு கேட்டா முழிக்கிற. சரி, அத்த வச்சி இன்னா பண்ணப் போற? நீ படிக்கிறது பி.காம். டாலி போடணும், எக்ஸெல்ல கூட்டிக் கழிக்கணும். 144 ஹெர்ட்ஸ்னா ஸ்கிரீனு செகண்டுக்கு 144 தபா புதுசா வரையும். ஓடிப் புடிச்சி சுடுற கேமுக்கு அது வேணும். வரவு செலவுக் கணக்கு எங்கடா ஓடுது?

லேப்டாப்ப அளக்க நம்மகிட்ட ஒரு கோல் கீது, கண்ணு. காசு குடுக்காமலே வர்றது. கவர்மெண்ட் குடுக்குற லேப்டாப்புதான் அது. "ஐய, அது ஃப்ரீ டப்பா தாத்தா"ன்னு சிரிக்கிற பாரு! 2011 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளு. அன்னிக்கி ஜெயலலிதா அம்மா ஆரம்பிச்சி வச்சாங்க. மூடி மேல அவங்க படம். உள்ள 2 ஜிபி ராமு, 320 ஜிபி டிஸ்கு. விண்டோஸு ஒண்ணு, கூடவே பாஸ்னு ஒரு லினக்ஸு. அது நம்ம சென்னை சி-டாக்குல செஞ்சது, தெரியுமா? அந்த 2 ஜிபியில தட்டித் தட்டித்தான் நம்ம கொருக்குப்பேட்ட, தண்டையார்பேட்ட புள்ளைங்க டிகிரி முடிச்சிதுங்க. ஒருத்தனும் ஹெர்ட்ஸு கேக்கல.

அப்பால 2025 தமிழ்நாடு பட்ஜெட்டுல இன்னா சொன்னாங்க? காலேஜ் புள்ளைங்க 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல லேப்டாப்போ டேப்லெட்டோ. மொத வருஷத்துக்கு 2,000 கோடி. பாதிப் பேருன்னு வச்சி வகுத்துப் பாரு, நீதான் பி.காம் ஆச்சே. தலைக்கு 20,000. அதுல ஐ3 இல்லன்னா ரைசன் 3, 8 ஜிபி ராமு, 256 ஜிபி எஸ்எஸ்டி. மொத்தமா லட்சக்கணக்குல வாங்குற வெல அது, உனக்குக் கடையில அந்த வெலைக்கு வராது. ஆனா ஒண்ணு யோசி. படிக்கிற புள்ளைக்கு இது போதும்னு முடிவு பண்ணவன் ஷோரூம்ல கமிஷன் வாங்குறவன் இல்ல. அதுக்கு மேல எவனாச்சும் ஒரு ஜிபி ஏத்தச் சொன்னா, "இன்னா வேலைக்கு?"ன்னு கேளு. பதில் வந்தா ஏத்து. பேந்தப் பேந்த முழிச்சான்னா எழுந்து வந்துடு.

பதில் வர்ற கேஸும் கீது, இல்லன்னு சொல்லல. வீடியோ வெட்டி ஒட்டுறவன், மிசின் படம் போடுறவன், இவனுங்களுக்கு 16 ஜிபி வேணும், கிராபிக்ஸ் கார்டும் வேணும். நம்ம பக்கத்துத் தெருப் பையன் மெக்கானிக்கல் சேந்தான். எம்ஆர்எஃப், லேலண்டுன்னு வேலைக்குப் போவணும்னு ஆச. மொதல்ல இன்னா பண்ணான்? ஆப்பிள் வாங்கினான். ஷோக்கா இருந்துச்சி, காப்பிக் கடையில வச்சி போட்டோலாம் புடிச்சான். காலேஜுல சாலிட்வொர்க்ஸ் போடச் சொன்னாங்க. அது மேக்குல ஏறாது! டாலியும் அப்டியே ஏறாது. இப்ப கூட்டாளியோட லேப்டாப்ப கடன் கேட்டுக்கினு திரியறான். வாங்கறதுக்கு மின்ன வாத்தியார ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆயிருக்காதா?

ஸ்டிக்கரப் பாத்து வாயப் பொளக்காத. பர்மா பஜார்ல டேப் ரெக்கார்டர் வித்த காலத்துலயே "மேட் இன் ஜப்பான்"னு ஒட்டியிருந்தா நம்மாளு உள்ள தொறந்து பாக்க மாட்டான். இப்ப "ஐ7"னு ஒட்டுறான். எந்த ஜெனரேஷன் ஐ7? அத்தக் கேளு. நாலாவது ஜெனரேஷன் ஐ7-ஐ விட இன்னிக்கி வர்ற ஐ3 உஷாரு. இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனுக்கு முந்துனதுக்கு விண்டோஸ் 11 கெடையாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே கைய விரிச்சிட்டான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்டு 2025 அக்டோபர் 14-ஓட நின்னு போச்சி. பழசு வாங்குனா இத்த மறந்துடாத.

புதுசா ஒரு பேஜாரு வந்துகீது, ஏஐ லேப்டாப்பாம். கோபைலட் பிளஸ்னு பேரு வாங்கணும்னா 16 ஜிபி ராமும், செகண்டுக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடுற தனிச் சில்லும் வேணும். 40 லட்சம் கோடி! நீ போன செமஸ்டர்ல ஒரு கூட்டல்ல கோட்ட வுட்டு அரியர் வச்ச ஆளு. அதுவும் சாட்ஜிபிடிகிட்ட நீ கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் எங்கியோ வேற ஊரு மிசின்லர்ந்து நெட்டுல வருது. உன் மிசின்ல அந்தச் சில்லு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?

கையில துட்டு கம்மியா? பழசு வாங்கு, தப்பேயில்ல. பெரிய கம்பெனிங்க மூணு நாலு வருஷம் வச்சிட்டு கழிச்சி வுடுற ஆபீஸ் லேப்டாப்புங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுல வரும். கெட்டியான ஒடம்பு. ஆனா உங்க ஆயா காசிமேட்டுல மீனு வாங்குறத பாத்துருக்கியா? கூடையில பளபளன்னு மின்னுறத நம்புமா? செவுளத் தூக்கி, செவப்பா கீதான்னு பாத்துட்டுத்தான் வெலையே பேசும். அதுதான் இங்கியும். தொடச்சி மினுக்குன மூடிய நம்பாத. விண்டோஸுல பேட்டரி ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு எடுக்கச் சொல்லு. புதுசுல எத்தினி புடிச்சிது, இப்ப எத்தினி புடிக்குதுன்னு ரெண்டு நம்பர் வரும். ரெண்டாவது பாதியா இருந்தா பேட்டரிக் காச வெலையில கழி. எல்லா கீயும் ஒருவாட்டி தட்டு. கீலு ஆடுதா, கேமரா வருதா, யூஎஸ்பி ஓட்ட ஒவ்வொண்ணும் வேல செய்யுதா? உள்ள பழைய சுத்துற டிஸ்கு இருந்தா எஸ்எஸ்டி மாத்திக் குடுன்னு சொல்லு. ராமு பின்னால ஏத்தலாமா, இல்ல போர்டோட பத்த வச்சிட்டானா? ஏத்தலாம்னா 8-ல ஆரம்பி.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு சங்கதி கீது, எந்த விளம்பரக்காரனும் சொல்ல மாட்டான். கடல் காத்து உப்பு. எண்ணூரு பக்கம் சாம்பலும் கரித்தூளும். ஃபேன் வாயி அடைச்சிக்கும், யூஎஸ்பி ஓட்டையில துரு ஏறும். நீ வேற தலகாணி மேல வச்சி படம் பாப்ப, காத்து போவ வழியில்லாம அது கொதிக்கும். வேல முடிஞ்சா மூடி வச்சிப் பழகு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எண்ணூருல வெள்ளத்தோட எண்ணெயும் வூட்டுக்குள்ள வந்துச்சே, மறந்துட்டியா? சாதா வாரண்டில தண்ணி பட்டதுக்கு ஒருத்தனும் காசு தரமாட்டான். லேப்டாப்ப பரண் மேல வைக்கலாம். படிப்பு சம்பந்தப்பட்டத இன்னொரு எடத்துலயும் காப்பி எடுத்து வையி.

"வட்டியில்லாத இஎம்ஐ தாத்தா"ன்னு ஆரம்பிக்காத. ரொக்கமா குடுத்தா எம்மாம் கொறைப்பன்னு கேட்டுப் பாரு, வட்டி எங்க ஒளிஞ்சிகினு கீதுன்னு தெரியும். ப்ராசஸிங் ஃபீஸு தனி. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னது இஎம்ஐக்கும் சேத்துதான். "பில்லு வேணாம்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி மிச்சம்"னு ஒருத்தன் காதுல ஓதுவான். பில்லு இல்லன்னா வாரண்டி கேட்டு எவன் முன்னால போயி நிப்ப? திருட்டு மாலுன்னு போலீசு வந்தா அவனா வருவான்?

நாளைக்கி காலேஜ் ஆபீஸ்ல போயி, கவர்மெண்ட் லிஸ்ட்ல உன் பேரு கீதான்னு மொதல்ல விசாரி. இருந்தா வாய மூடிக்கினு வாங்கி படி. இல்லன்னா சனிக்கெழம காலையில விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி கவர்மெண்ட் எஸ்டேட்ல எறங்கு, அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டு நடக்குற தூரம். இன்னா வேலைக்குன்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கினு வா. நானும் வர்றேன், பேரம் பேச ஒரு ஆளு வேணுமில்ல?