கட்டை பெரிது, டிராக்டர் சிறிது

கே: காற்றில் சாய்ந்த வேப்பமரத்தை அறுத்துப் போட்டிருக்கிறோம். எங்களுடைய சின்ன டிராக்டரின் முன் லோடரால் கட்டைகளைத் தூக்கிவிடலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

ப: தாராளமாகத் தூக்கலாம். என்ன, தரையைவிட்டு முதலில் எழும்புவது உங்கள் பின்சக்கரங்களாக இருக்கும்! பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீர் கனம். 40 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம் என்றாலே 350 கிலோவை ஒட்டி வரும். அதை முன்னால் தூக்கினால் முன் அச்சு தராசுக் காம்பின் நடுப்புள்ளி ஆகிவிடும், பின்பக்கம் இலேசாகும். சின்ன டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் பிடிப்பதோ பின்சக்கரத்தில். அது மண்ணில் அழுந்தாவிட்டால், மிதித்து என்ன பயன்? பின்னால் நல்ல எடை கட்டுங்கள். கட்டையைத் தரையை ஒட்டியே கொண்டுபோங்கள். உயரத் தூக்கி ஊருக்குக் காட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், இழுப்பதே மேல். ஆனால் சங்கிலியைக் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் பக்கம் மேலே மாட்டினால், கட்டை ஒரு வேரில் சிக்கியதும் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னால் கவிழும். குதிக்க அவகாசமே கிடைக்காது. இழுக்கும்போது வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைச் சங்கிலிப் பக்கம் அண்டவிடாதீர்கள்.