நிரம்பாத தொட்டி

எங்கள் ஊரில் முதன்முதலாக வீட்டோடு கக்கூஸ் கட்டியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்து, உட்கார்ந்த இடத்தில் பிராங்கில் பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவருடைய கக்கூஸ்தான் வேடிக்கைப் பொருள். தென்னை மரத்தடியில் நாலு சுவர், தகரக் கதவு, மேலே ஒரு இரும்புக் குழாய். "சோறு திங்கிற வீட்டுலயே அதையும் பண்ணுவானா மனுசன்?" என்று எங்கள் ஆயா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக்காரன், போகிற போக்கில் இதையும் எடுத்துப்போயிருக்கலாம் என்பது அவள் கட்சி.

அன்றைக்கு ஊரில் பெரும்பான்மை ஆயா கட்சிக்குத்தான். ஆண்களுக்கு ஏரிக்கரை, பெண்களுக்குப் பனந்தோப்பு, குழந்தைகளுக்குத் தெருவோரம் என்று யாரும் எழுதிவைக்காத எல்லைகள் இருந்தன. ஏரிக்கரைக் காற்று, விடிகாலை வானம், வாயில் வேப்பங்குச்சி என்று இப்போது முகநூலில் உருகி எழுதுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். எல்லாரும் ஆண்கள். என் அக்கா உருகி நான் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள் வயிறு கலக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமலே வளர்ந்தவள் அவள். இருட்டின பிறகு அரிக்கேன் விளக்கோடு அம்மா துணைக்குப் போவாள். பாதையில் எவனாவது சைக்கிளில் வந்தால் வரிசையாக எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அவன் தாண்டிப் போனதும் உட்காருவார்கள். அடுத்த சைக்கிளுக்கு மறுபடியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆயா தலைமுறை கறார். கழிவு தூரத்தில், தண்ணீர் பக்கத்தில். கிணறு வீட்டு முற்றத்தில் இருக்கும்; அதன் மேடையில் செருப்புக் கால் படக் கூடாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் போட்ட ஆர்ட்டீசியன் குழாய்களில் மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த பூமி எங்களுடையது. இப்போது அந்த ஏற்பாட்டை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம். கழிவு, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம். குடிதண்ணீர், 20 லிட்டர் கேனில், குட்டியானை வண்டியில், எங்கிருந்தோ வருகிறது.

இடையில் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா வந்தது. கக்கூஸ் கட்ட வீட்டுக்கு 12,000 ரூபாய் என்றார்கள். இரட்டைக் குழி முறை. ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்ப வேண்டும். இரண்டு வருஷம் போனால் முதல் குழியில் இருப்பது மண்வாசனையுள்ள எருவாகிவிடும். அருமையான யோசனை. எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் அதை இன்னும் அருமையாக்கினார்கள். இரண்டு குழியையும் ஒரு குழாயால் இணைத்து, "ஒண்ணு நெறஞ்சா தானா அடுத்ததுக்குப் போயிடும் சார், நீங்க கையே வெக்க வேணாம்" என்று கொடுத்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தே நிரம்பின. சில வீடுகளில் அந்தக் கக்கூஸில் வறட்டியும் வைக்கோலும் மழையில் நனையாமல் பத்திரமாக இருந்தன.

2018 ஏப்ரலில் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி இன்னொரு படி மேலே போனார். திறந்தவெளியில் மலம் கழிப்பதும் குப்பையும் இல்லை என்று சான்றிதழ் தராத கிராமத்துக்கு இலவச அரிசி கிடையாது என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் அதில் ஒரு தர்க்கம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன். அரிசியை நிறுத்தினால் மற்றது தானாகக் குறையும் அல்லவா?

பாகம் பிரித்ததில் எனக்கு வந்த முப்பதுக்கு நாற்பது மனையில், ஓய்வுபெற்ற பணத்தில் நான் வீடு கட்ட ஆரம்பித்தது இந்தப் பின்னணியில்தான். டைல்ஸ் பார்க்க வில்லியனூர் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கம்மோடு வெள்ளையா, தந்த நிறமா என்பதில் வீட்டுக்காரிக்கும் பாரீஸில் இருக்கும் மருமகளுக்கும் வீடியோ காலில் மாநாடே நடந்தது. செப்டிக் டேங்க் விஷயம் டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. மேஸ்திரி ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்தார். "எட்டுக்கு ஆறு, ஏழடி ஆழம். நாலு பக்கமும் கல்லுக்கட்டு. அடியில மட்டும் காங்கிரீட் வேணாம் சார்."

"ஏன்?"

"போட்டா நெறஞ்சிடும். மண்ணா விட்டா பூமி இழுத்துக்கும். என் வீட்டு டேங்க் இருவது வருஷம் ஆவுது, இதுவரைக்கும் லாரி வந்ததில்ல."

இதைவிடப் பெரிய பெருமை எங்கள் கொம்யூனில் கிடையாது. கல்யாணப் பந்தியில் கூடச் சொல்வார்கள். பையன் டாக்டருக்குப் படிப்பதைச் சொன்ன வாயால் டேங்க் இதுவரை நிரம்பாததையும் சொல்வார்கள். இருபது வருஷம் ஒரு குடும்பம் போட்டதெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. பூமித்தாய் பொறுமைசாலி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

டேங்க் என்பது உண்மையில் ஒரு பாதி வேலைக்காரன். உள்ளே போனது ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்க வேண்டும். கனமானது வண்டலாக அடியில் படியும், எண்ணெயும் கொழுப்பும் ஏடாக மேலே மிதக்கும், நடுவில் கலங்கல் தண்ணீர். காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் வண்டலைத் தின்று குறைக்கும், முழுக்கத் தீர்க்காது. வெளியே போகும் கலங்கல் சுத்தமாவதும் டேங்கில் இல்லை, அதற்குப் பிறகு வரும் ஈரமில்லாத மண்ணில். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் 2 மீட்டராவது மண் வேண்டும் என்பார்கள். கார்த்திகையில் எங்கள் ஊரில் கடப்பாரையை ஊன்றினால் அது நிற்பது தண்ணீரில்தான். இரண்டு மீட்டருக்கு எங்கே போவது? அந்த மாசத்தில் டேங்க் பூமிக்குத் தருவதில்லை, பூமி டேங்குக்குத் தருகிறது. களிமண் ஊர்களில் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பது அதனால்தான். கடலோரம் மணப்பட்டுப் பக்கம் போனால் தொல்லை நேர்எதிர். அங்கே மணல். ஊற்றியது ஊற்றியபடி இறங்கிவிடும், வடிகட்ட அவகாசமே இல்லாமல். உப்புக் காற்றில் மூடிக் காங்கிரீட்டின் கம்பி துருப்பிடித்து உப்பி வெடிப்பது தனிக்கதை.

அடுத்து வாஸ்துக்காரர் வந்தார். ஈசானி மூலையில் போர்வெல், வாயு மூலையில் டேங்க், இதில் இம்மி பிசகக் கூடாது என்றார். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது, மனைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. மேலண்டை வீட்டு அண்ணனுக்கும் இதே வாஸ்துக்காரர்தான். அவருடைய ஈசானி மூலை எங்கே முடிகிறதோ அங்கேதான் என் வாயு மூலை ஆரம்பம். நடுவில் ஒன்பது இஞ்ச் சுவர். அதேபோலக் கீழண்டை வீட்டு டேங்க் என் போருக்குத் தோளோடு தோள். தெரு முழுக்க சாஸ்திரம் சுத்தம்; தெரு முழுக்க ஒவ்வொருவர் டேங்கும் அடுத்தவர் போருக்கு அண்டை. "போர் இருநூறு அடி சார், டேங்க் ஏழடி, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் மேஸ்திரி. துளைக்கும் பைப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சிமெண்டுப் பாலால் அடைக்காமல் தோண்டிய மண்ணையே தள்ளி மூடியிருந்தால், அதன் வழியே சம்பந்தம் இருநூறு அடிக்கும் இறங்கும் என்றேன். எங்கள் தெருவில் அடைத்தவர் யாரும் இல்லை.

செப்டிக் டேங்குக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐ.எஸ். 2470 என்று. அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, நீர்மட்டத்துக்குக் கீழே ஆழம் 1 மீட்டராவது, கொள்ளளவு 1,000 லிட்டராவது, நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு என்றெல்லாம் தெளிவாகச் சொல்கிறது. கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் தூரம் வேண்டும் என்றும் சொல்கிறது. பதினெட்டு மீட்டர் என்றால் ஏறத்தாழ அறுபது அடி. என் மனையின் நீளமே நாற்பதுதான். சட்டப்படி நடக்க வேண்டுமானால் நான் ஆயா போன இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பயோ டேங்க் விற்கிறவர் ஒருவரும் வந்தார். காலரோடு டி-ஷர்ட், கையில் டேப்லெட். "மிலிட்டரி டெக்னாலஜி சார். சியாச்சின்ல நம்ம ஜவான்களுக்காக டி.ஆர்.டி.ஓ. கண்டுபிடிச்சது." பொய்யில்லை. பனிமலையில் மட்காமல் கிடக்கும் கழிவைச் செரிக்க டி.ஆர்.டி.ஓ. கிருமிகளைப் பழக்கியதும், பின்னால் ரயில் பெட்டிகளுக்கு அதே முறை வந்ததும் உண்மை. அவர் விற்ற பிளாஸ்டிக் உருண்டைக்கும் அந்தக் கிருமிகளுக்கும் உறவு உண்டா என்றுதான் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கக்கூஸுக்கும் பட்டாளத்துக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருக்கிறது. அன்று சைகோன், இன்று சியாச்சின்.

கீழண்டை வீட்டுத் தம்பி அந்த உருண்டையைத்தான் வாங்கிப் புதைத்தான். 2024இல் புயல் எச்சரிக்கை வந்ததும், மழைக்கு முன்னால் காலியாக இருக்கட்டும் என்று லாரியை வரவழைத்துத் துடைத்து எடுத்தான். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையைக் கடந்தது; புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது. 2,000 லிட்டர் காலி டேங்கைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அது டேங்கை மேலே தள்ளும் பலம் ஏறத்தாழ இரண்டு டன். மேலே கிடந்த மண் எம்மாத்திரம்? மறுநாள் காலையில் பார்த்தால், குழாயைப் பிடுங்கிக்கொண்டு, குளத்திலிருந்து எருமை முதுகைக் காட்டுகிற மாதிரி அது எழுந்து நின்றது. நிறைய விட்டிருந்தாலோ, கழுத்தைச் சுற்றிக் காங்கிரீட் பட்டை போட்டு நங்கூரம் கட்டியிருந்தாலோ அசைந்திருக்காது. விற்றவர் போன் எடுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதே 2024 ஜூன் 11ஆம் தேதி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கம்மோடுக்கு அடியில் வளைந்திருக்கும் அந்தக் குழாயில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் அந்தப் பக்கத்து வாயுவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் ஒரே கதவு. அடைத்துக்கொள்கிறது என்று வளைவை எடுத்துவிட்டு நேர்க் குழாய் மாட்டும் பிளம்பர்களை எனக்குத் தெரியும். புது டேங்க்கூடக் கொல்லும். மேல்மூடியை அங்கேயே வார்த்து, மாதக்கணக்கில் மூடி வைத்துவிட்டு, சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒரு ஆளை உள்ளே இறக்குகிறார்கள். ஈரப் பலகை மட்கி உள்ளிருந்த பிராணவாயுவைத் தின்றிருக்கும். முதலில் இறங்கியவர் விழ, தூக்கப்போனவரும் விழுவார். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இறப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறுகிறது, இறங்குகிற ஆளும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

புது டேங்கின் இந்த ஆபத்து கட்டும்போதே தெரிந்திருந்ததால், மூடியைத் தரையில் தனித்தனிப் பலகையாக வார்த்துத் தூக்கி வைத்தோம். அடியில் காங்கிரீட், உள்ளே பூச்சு, நடுவில் தடுப்புச் சுவர், முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம், நுழைவிலும் வெளியிலும் டி வடிவக் குழாய், வாயு போக உயரமான குழாய், முனையில் கொசுவலை. வாஸ்துக்காரர் கோபித்துக்கொண்டார், டேங்க் தெருப்பக்கம் வந்துவிட்டது. வெளியேறும் தண்ணீருக்குக் குழி தோண்டாமல் தரைக்கு மேலே ஜல்லியும் மணலும் கொட்டி மேடை கட்டி, அதில் கல்வாழையும் வாழையும் வைத்தோம். டேங்க் உயர்ந்ததால் கழிவறைத் தரையும் உயர்ந்து, மூன்று படி ஏறித்தான் கம்மோடுக்குப் போக வேண்டும். பேரன் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்தான். மேஸ்திரி கூலியை வாங்கிக்கொண்டு, "உங்க காசு, உங்க இஷ்டம்" என்றார். ஆசிட் ஊற்றிக் கழுவாதே, உள்ளே இருக்கிற கிருமி செத்துப்போகும் என்று வீட்டுக்காரியிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. "கக்கூஸ்ல கிருமி சாகக் கூடாதுன்னு சொல்ற ஒரே ஆம்பள நீங்கதான்" என்றாள்.

மூன்று வருஷத்தில் டேங்கில் வண்டல் ஏறியது. ஏற வேண்டும், ஏறினால்தான் கீழே ஒழுகவில்லை என்று அர்த்தம். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து லாரியை வரவழைத்தேன். உறிஞ்சியதை எங்கே கொட்டுவீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "அதெல்லாம் இடம் இருக்கு சார்" என்று ஏரிப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே கூடாது, ரசீது தருகிற சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க, டீசலுக்குத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லாரி நின்ற அரைமணி நேரத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மேலண்டை வீட்டு அண்ணன் முகத்தில் நிஜமான வருத்தம்.

"இன்னா தம்பி, இவ்ளோ செலவு பண்ணிக் கட்டி, மூணே வருஷத்துல நெறஞ்சிடுச்சாமே? எவன் கட்டுனது? என் மேஸ்திரி நம்பர் தரட்டா?"