உட்கார்ந்து ஊட்டி கண்டோர்: ஒரு திணை ஆராய்ச்சி

கோடை விடுமுறையில் சமவெளியிலிருந்து கூடலூருக்கு வந்து இறங்கும் தாத்தா பாட்டியை ஒருநாள் ஊட்டிக்கு அழைத்துப் போவது அவ்வூர்க் குடும்பங்களின் தலையாய கடன். மைசூர், நிலம்பூர், சுல்தான் பத்தேரி, ஊட்டி என்று மூன்று மாநிலச் சாலைகள் கூடுகிற ஊரில் இருந்துகொண்டு வண்டியை எந்தப் பக்கமும் திருப்பலாம். ஆனாலும் ஊட்டிக்குத்தான் திருப்பியாக வேண்டும். "பையன் ஊட்டியில இருக்கான்" என்றல்லவா அவர்கள் தங்கள் தெருவில் சொல்லி வைத்திருக்கிறார்கள்! ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் அந்தச் சொல் பொய்யாகாமல் இருக்கும். இந்தப் பயணத்தில் ஊட்டியை மெய்யாகப் பார்ப்பவர் யார் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். நடப்பவர்கள் பார்க்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அது தவறு; உட்கார்ந்திருப்பவர்களே பார்க்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்றுகளைச் சாலையிலிருந்தே தொடங்கலாம். கூடலூர் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2240 மீட்டரில். இடைப்பட்ட ஏற்றம் முழுவதையும் பாட்டி மூக்கருகே ஓர் எலுமிச்சம்பழத்துடன் கடக்கிறார். (கொண்டை ஊசி வளைவுகளும் மாவட்டத்தின் பிளாஸ்டிக் தடையும் சேர்ந்து உண்டாக்கும் நுட்பமான சிக்கலை இங்கே விரிக்கப் போவதில்லை.) ஊசிமலைக் காட்சிமுனையில் இளையோர் இறங்கி ஓடுகிறார்கள். தாத்தா கதவைத் திறந்துவைத்து, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு, "இங்கேர்ந்தே தெரியுதே" என்கிறார். தெரியத்தான் செய்கிறது. ஆனால் முதன்மைச் சான்று ஊட்டித் தாவரவியல் பூங்காதான். 1848இல் தொடங்கிய அந்தப் பூங்கா தொட்டபெட்டா மலைச்சரிவில் 55 ஏக்கரில் படிப்படியாக ஏறிச் செல்கிறது. குடும்பம் வாயிலைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். நடப்போர் பிரிவு கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மேலே ஏறுகிறது. அமர்வோர் பிரிவு கீழ்ப் புல்வெளியில் ஜமுக்காளம் விரிக்கிறது. ஒருமணி நேரம் கழித்து நடந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "மரம்" என்பார்கள். கல்லாகிப்போன 2 கோடி ஆண்டு பழைய அடிமரத்தின் முன் எடுத்த படம் கலங்கலாக விழுந்ததென்றும் சொல்வார்கள். பாட்டியிடமோ அதற்குள் பக்கத்து ஜமுக்காளத்தின் முழு வரலாறும் சேர்ந்திருக்கும்: ஈரோட்டுக்காரர்கள், மஞ்சள் வியாபாரம், மூத்தவளுக்கு வரன் பார்க்கிறார்கள், வேனில் வந்தவர்களில் கொழுந்தன் மனைவி மட்டும் யாரோடும் பேசுவதில்லை. தாத்தா, தொட்டபெட்டாப் பக்கமிருந்து மேகம் இறங்குவதைப் பார்த்து மழை வரும் என்று சொல்லியிருப்பார்; மழையும் வந்திருக்கும். களப்பணி செய்தவர் யார் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

வரலாறும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு வெள்ளையர் இங்கே வந்தது பெரும்பாலும் உடம்பு தேறுவதற்காக. சாய்ந்து உட்கார்வதற்காக என்று பொருள். 1908இல் ஊட்டியை எட்டிய மலை ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அத்தனை நேரம் மக்களை உட்கார வைத்ததற்குக் குறை சொல்லாமல் 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஸ்னூக்கர் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில்தானே வகுக்கப்பட்டன, அது நின்று ஆடுகிற ஆட்டமாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். ஒருவர் ஆடும்போது மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

இனி இலக்கணம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். ஊட்டிக்குத் தேனிலவு வருவோர் இந்த விதியைப் பிழையின்றிக் காத்து வருகிறார்கள். தாத்தா பாட்டியோடு வரும் குடும்பத்தில் நிகழ்வதோ முல்லைக்கு உரிய இருத்தல். போனவர்கள் மாலையில் திரும்பும்வரை ஆற்றியிருப்பது முல்லை ஒழுக்கம். பாட்டி பைகளையும் செருப்புகளையும் காத்தபடி ஆற்றியிருக்கிறார். உரிப்பொருள் அல்லாதவைதாமே மயங்கும், உரிப்பொருள் மயங்கலாமா என்று புலவர் ஒருவர் எழுந்து தடுப்பார். தொல்காப்பியர் மே மாதத்துச் சனிக்கிழமையில் ஊட்டிப் பூங்காவைப் பார்த்ததில்லை என்பதே அவருக்கு விடை.

இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு. அவர்கள் உட்காருவது பார்ப்பதற்காக அன்று, முழங்கால் வலியால்தான் என்பது அது. ஒக்கும். ஆனால் காரணம் வேறு, பயன் வேறு. மூட்டுவலியால் உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொள்வதில்லை. சரி, உட்காருவதற்கு ஊட்டி எதற்கு, வீட்டுத் திண்ணை போதாதா என்றால், திண்ணையில் யாரும் அவர்களை உட்கார விடுவதில்லை. கீரை ஆய வேண்டும், பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்க வேண்டும். சமவெளிக்காரர்களை மட்டும் வைத்து இதை முடிவு செய்வதும் முறையன்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து அரசு டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. சேரம்பாடி லைன் வீட்டிலிருந்து கூடலூர் டவுனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிற பாட்டி, முதுகில் கூடையோடு சரிவில் நின்று நின்றே கொழுந்தெடுத்தவர். அவரிடம் போய் "எழுந்து ரெண்டு எட்டு நடந்து பாருங்க அம்மாச்சி, எவ்வளவு பச்சையா இருக்கு!" என்று சொல்ல எந்தப் பேரனுக்கும் வாய் வராது. மலையின் பச்சை அவருக்குப் புதிதன்று. தான் சும்மா இருக்க, மலையில் வேறு யாரோ வேலை செய்வதைப் பார்ப்பதுதான் புதிது. பூங்காத் தோட்டக்காரர் களை எடுக்கும் விதத்தில் அவர் குற்றம் கண்டுபிடிப்பதை ஆய்வின் உயர்நிலை என்றே கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது மைசூர்க் கட்சி. அங்கே உட்கார இடமில்லாமலா போயிற்று, அதே முடிவு அங்கும் வராதா என்பார்கள். வராது. திரும்பும் வழியிலுள்ள பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை 7 மணிக்கு அரண்மனையில் விளக்கேற்றுவதைப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் நிற்க, "கேட்டைப் பூட்டிருவானே" என்று தாத்தா நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவார். உட்கார்ந்த இடத்திலும் அவர் பார்ப்பது கைக்கடிகாரத்தை மட்டுந்தான். அரண்மனையில் விளக்கு எரியும் நேரத்தில் மொத்தக் குடும்பமும் குண்டலுப்பேட்டையை நெருங்கிக்கொண்டிருக்கும். நடந்தவரும் காணாத, அமர்ந்தவரும் காணாத ஊர் என்ற வகையில் மைசூரைத் தனி ஆய்வுக்கு ஒதுக்கி வைப்பதே முறை.